ஜெயிப்பது காரா? பணமா?

கார் பந்தயத்தில் யார் ஜெயிப்பார்?

"வேகமாக ஓட்டுகிறவர் ஜெயிப்பார்" என்று சின்னப் பிள்ளை கூடச் சொல்லிவிடும்.

அது பாதி உண்மை. வேகமாக ஓட்ட நல்ல என்ஜின் வேண்டும். நல்ல என்ஜினுக்குப் பணம் வேண்டும். பணம் உள்ளவர் பத்து என்ஜின் செய்து பார்ப்பார். அதில் சிறந்ததை எடுத்துக்கொள்வார். பணம் இல்லாதவர் கிடைத்த என்ஜினை மாட்டிக்கொண்டு பின்னால் வருவார்.

அப்படியானால் பந்தயம் எதற்கு? இரண்டு பேருடைய பணப் பெட்டியையும் தராசில் வைத்துப் பார்த்தால் போதாதா?

இந்தக் கேள்வி, கார் பந்தயத்தின் உச்சியில் இருப்பவர்களுக்கே வந்துவிட்டது. "ஃபார்முலா ஒன்" என்பது உலகத்திலேயே பெரிய கார் பந்தயம். அதற்கு 2021-ம் ஆண்டில் ஒரு சட்டம் போட்டார்கள். "ஒரு கோஷ்டி ஆண்டுக்கு இவ்வளவுதான் செலவு செய்யலாம். அதற்கு மேல் செலவு செய்தால் குற்றம்" என்பது அந்தச் சட்டம்.

சட்டம் நல்லதா? நல்லதுதான். அது மட்டும் போதுமா? போதாது. ஏன் போதாது என்பதைத் தமிழ்நாட்டுக்காரர்கள் எளிதில் புரிந்துகொள்ள முடியும்.

தறியும் காரும்

திருவள்ளூர் மாவட்டத்தில் பள்ளிப்பட்டு வட்டத்தில் இருக்கிறது, பொதட்டூர்பேட்டை. நெசவுக்குப் பேர்போன ஊர். இங்கே ஒரு நெசவாளரிடம் போய் "என்ஜின் சப்ளை என்றால் என்ன தொல்லை?" என்று விளக்க வேண்டியதே இல்லை. "நூல்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

தறி சொந்தம். உழைப்பு சொந்தம். ஆனால் கூலிக்கு நெய்கிறவருக்கு நூல் சொந்தம் அல்ல. பாவும் ஊடையும் முதலாளியிடம் இருந்து வர வேண்டும். வந்தால் தறி ஓடும். வராவிட்டால் நிற்கும்.

நூல் கொடுக்கிறவருக்கே சொந்தத் தறிகளும் இருந்தால் என்ன ஆகும்? நல்ல நூல் எந்தத் தறிக்குப் போகும்? அவருடைய தறிக்குத்தானே முதலில் போகும்!

கார் பந்தயத்திலும் இதே கதைதான். பெராரி, மெர்சிடிஸ் ஆகிய கம்பெனிகள் என்ஜின் செய்கின்றன. அவையே பந்தயத்திலும் ஓடுகின்றன. மற்றக் கோஷ்டிகள் பல, அவர்களிடம் என்ஜினை விலைக்கு வாங்கி ஓட வேண்டும். அதாவது, போட்டியாளரிடம் கையேந்தி ஆயுதம் வாங்கி, அவருடனேயே சண்டை போட வேண்டும்!

2015-ம் ஆண்டில் இது சந்திக்கு வந்தது. நான்கு முறை தொடர்ந்து உலகப் பட்டம் பெற்ற "ரெட் புல்" கோஷ்டி, என்ஜின் கொடுத்த ரெனோ கம்பெனியுடன் மனஸ்தாபம் கொண்டது. மெர்சிடிசிடம் கேட்டது. பெராரியிடம் கேட்டது. காரியம் நடக்கவில்லை. "என்ஜின் இல்லாவிட்டால் பந்தயத்தை விட்டே போய்விடுவோம்" என்று கூட எச்சரித்தது. கடைசியில் பழைய ரெனோ என்ஜினையே வேறு பெயரில் மாட்டிக்கொண்டு ஓடியது.

பணம் படைத்த கோஷ்டிக்கே இந்தக் கதி. சின்னக் கோஷ்டியைக் கேட்க வேண்டுமா?

7 ஆயிரத்து 500 பவுன் என்ஜின்

எப்போதும் இப்படித்தான் இருந்ததா? இல்லை. ஒரு நல்ல காலமும் இருந்தது.

1967-ம் ஆண்டு. இங்கிலாந்தில் "காஸ்வொர்த்" என்ற சின்னக் கம்பெனி, ஒரு என்ஜின் செய்தது. கீத் டக்வொர்த் என்பவர் அதை அமைத்தார். ஃபோர்டு கம்பெனி அதற்காக 1 லட்சம் பவுன் கொடுத்தது.

ஹாலந்து நாட்டில் சான்ட்வோர்ட் என்ற இடத்தில் அந்த என்ஜின் முதல் முதலாக ஓடியது. ஜிம் கிளார்க் ஓட்டினார். முதல் ஓட்டத்திலேயே வெற்றி!

ஃபோர்டு கம்பெனி நினைத்திருந்தால், அதை ஒரே கோஷ்டிக்கு மட்டும் கொடுத்திருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. மறு ஆண்டு முதல் மற்றக் கோஷ்டிகளுக்கும் கொடுத்தார்கள். 7 ஆயிரத்து 500 பவுன் கொடுத்தவருக்கு என்ஜின் கிடைத்தது.

அதன் பலன் என்ன? கார்க் கொட்டகையில் வேலை செய்த பொறியாளர்கள் துணிந்து கோஷ்டி தொடங்கினார்கள். அதே என்ஜினுடன் ஓடி, பெரிய கம்பெனிகளைத் தோற்கடித்தார்கள். 1967 முதல் 1983 வரை அந்த என்ஜின் குடும்பம் 155 பந்தயங்களில் வெற்றி பெற்றது.

என்ஜின் எல்லோருக்கும் ஒரே விலையில் கிடைத்தது. அதனால் மூளை ஜெயித்தது. கை வேலை ஜெயித்தது. பணம் பின்னால் நின்றது.

சோழவரத்தில் என்ன நடந்தது?

நம் ஊர்க் கதையைப் பார்ப்போம்.

திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ள சோழவரத்தில், இரண்டாவது உலகப் போர் காலத்து விமான ஓடுபாதை ஒன்று இருக்கிறது. போர் முடிந்தது. விமானம் போயிற்று. கார் வந்தது!

1953-ம் ஆண்டில் சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கியது. சோழவரத்தில் கார், மோட்டார் சைக்கிள் பந்தயங்கள் பல ஆண்டுகள் நடந்தன. தூசி பறக்கும். சத்தம் காதைப் பிளக்கும். ஜனங்கள் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள்.

அங்கேயும் என்ஜின்தான் பிரச்சினை. வெளிநாட்டுக் காரை இறக்குமதி செய்ய லைசென்சு வேண்டும். வரி தலைக்கு மேல் இருக்கும். ராஜ வம்சத்தாரும் பெரிய தொழில் அதிபர்களும் வெளிநாட்டுப் பந்தயக் கார்களைக் கொண்டு வந்தார்கள். மதுபானத் தொழில் அதிபர் விஜய் மல்லையா, ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய "என்சைன்" காரையே அங்கே கொண்டு வந்து ஓட்டினார்.

மற்றவர்கள்? ஃபியட் காரையும் ஹெரால்டு காரையும் பிரித்துப் போட்டு, என்ஜினைத் தட்டிக் கொட்டிச் சரி செய்து ஓட்டினார்கள். சோழவரத்தின் உண்மையான கதாநாயகர்கள், கையில் எண்ணெய்க் கறையுடன் இரவெல்லாம் விழித்திருந்த மெக்கானிக்குகள்தான்.

கோவைக்காரர் காட்டிய வழி

கோவையைச் சேர்ந்த கரிவர்தன், தொழில் குடும்பத்தில் பிறந்தவர். அவரே பந்தய வீரர். அவரே கார் அமைப்பவர். அவர் ஒரு வழி கண்டார்.

1983-ம் ஆண்டு இறுதியில் மாருதி 800 கார் விற்பனைக்கு வந்தது. ஊரெல்லாம் ஓடும் கார். உதிரி பாகம் எங்கும் கிடைக்கும். கரிவர்தன் அந்தச் சின்னக் காரின் என்ஜினை எடுத்தார். அதை வைத்து ஒற்றை ஆள் உட்காரும் பந்தயக் கார் செய்தார். 1988-ம் ஆண்டில் "ஃபார்முலா மாருதி" பந்தயம் பிறந்தது.

எல்லோருக்கும் ஒரே மாதிரி கார். எல்லோருக்கும் ஒரே என்ஜின். அதுவும் உள்ளூர் என்ஜின். இனி யார் ஜெயிப்பார்? ஓட்டத் தெரிந்தவர் ஜெயிப்பார்!

உலகச் சம்மேளனம் செலவுக்கு உச்சவரம்பு போடுவதற்கு 33 ஆண்டுகளுக்கு முன்பே, ஒரு தமிழர் இதைச் செய்து காட்டிவிட்டார். சட்டப் புத்தகம் எழுதி அல்ல. ஒரு மலிவான என்ஜினைக் கொண்டு!

அந்தப் பந்தயத்தில் பழகியவர்களில் ஒருவர், கோவை நரேன் கார்த்திகேயன். 2005-ம் ஆண்டில் அவர் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடினார். அப்படி ஓடிய முதல் இந்தியர் அவர்தான்.

கரிவர்தன் அதைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. 1995-ம் ஆண்டில் விமான விபத்தில் இறந்துவிட்டார். கோவை அருகே செட்டிப்பாளையத்தில் உள்ள பந்தயப் பாதை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நரேனுக்கு என்ன கிடைத்தது?

ஃபார்முலா ஒன் பந்தயத்துக்குப் போன நரேன் கார்த்திகேயனுக்கு நல்ல கார் கிடைத்ததா? இல்லை.

2005-ம் ஆண்டில் அவர் ஓடிய ஜோர்டான் கோஷ்டி பணத்துக்குத் தவித்த கோஷ்டி. என்ஜினை டொயோட்டாவிடம் வாங்கியது. டொயோட்டா தனியாக ஒரு கோஷ்டியும் வைத்திருந்தது!

2010-ம் ஆண்டில் சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக், எச்.ஆர்.டி. என்ற புதிய ஸ்பெயின் கோஷ்டியில் ஓடினார். 2011, 2012 ஆண்டுகளில் நரேனும் அதே கோஷ்டியில் ஓடினார். அந்தக் கோஷ்டி எப்படிப் பிறந்தது தெரியுமா? அதுவே ஒரு சோகக் கதை.

2009-ம் ஆண்டில் சம்மேளனத் தலைவர் மாக்ஸ் மோஸ்லி ஒரு திட்டம் சொன்னார். "ஒரு கோஷ்டி ஆண்டுக்கு 4 கோடி பவுன்தான் செலவு செய்யலாம்" என்றார். இதை நம்பிப் புதிய கோஷ்டிகள் பெயர் கொடுத்தன. பெரிய கோஷ்டிகள் கொதித்து எழுந்தன. "தனிப் பந்தயம் நடத்துவோம்" என்று மிரட்டின. திட்டம் கைவிடப்பட்டது.

புதிய கோஷ்டிகளின் கதி? 2010-ம் ஆண்டில் 3 கோஷ்டிகள் வந்தன. மூன்றுக்கும் காஸ்வொர்த் என்ஜின். ஆனால் எதிரே நின்றவர்கள் பல மடங்கு பணம் கொட்டுகிறவர்கள். எச்.ஆர்.டி. 2012-ம் ஆண்டோடு போயிற்று. மற்ற இரண்டும் பெயர் மாறி, கைமாறி, 2017 தொடக்கத்துக்குள் மூடப்பட்டன. மூன்றில் ஒன்று கூட ஒரு பந்தயமும் ஜெயிக்கவில்லை.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. என்ஜின் மட்டும் கொடுத்தால் போதாது. செலவுக்கும் வரம்பு வேண்டும். இரண்டும் இரட்டை மாடு. ஒன்றை மட்டும் பூட்டினால் வண்டி ஓடாது.

வந்தது உச்சவரம்பு!

பெரிய கோஷ்டிகள் ஆண்டுக்கு 40 கோடி டாலர் வரை செலவு செய்ததாக மதிப்பிட்டார்கள். அந்தக் கால மதிப்பில், அது ஏறக்குறைய 2 ஆயிரத்து 800 கோடி ரூபாய். இரண்டு கார் ஓட்டுவதற்கு!

பிறகு கொரோனா வந்தது. பந்தயம் நின்றது. வரும்படி நின்றது. பெரிய கோஷ்டிகளும் இறங்கி வந்தன. 2021-ம் ஆண்டுக்கு உச்சவரம்பு 14 கோடியே 50 லட்சம் டாலர் என்று முடிவாயிற்று. அடுத்த ஆண்டு 14 கோடி. அதற்கு அடுத்த ஆண்டு 13 கோடியே 50 லட்சம். என்ஜின் செய்யும் கம்பெனிகளுக்கும் 2023 முதல் தனி வரம்பு வந்தது.

என்ஜின் சப்ளைக்கும் விதிகள் வந்தன. என்ஜின் கிடைக்காத கோஷ்டிக்குக் கம்பெனி ஒன்று கொடுத்தே தீர வேண்டும் என்று ஒரு விதி. சொந்தக் காருக்கு மாட்டும் அதே தரத்து என்ஜினைத்தான் விற்க வேண்டும் என்று இன்னொரு விதி. நல்ல நூலைத் தனக்கு வைத்துக்கொண்டு மட்ட நூலை மற்றவருக்குத் தள்ள முடியாது!

பலன் கிடைத்ததா? கிடைத்தது.

மெக்லாரன் கோஷ்டி 2021 முதல் மெர்சிடிசிடம் என்ஜின் வாங்கி ஓடுகிறது. 2024-ம் ஆண்டில் கோஷ்டிகளுக்கான உலகப் பட்டத்தை அது வென்றது. 26 ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த பட்டம். 2025-ம் ஆண்டிலும் அதற்கே பட்டம். என்ஜின் விற்ற மெர்சிடிஸ், இரண்டு ஆண்டும் பின்னால் நின்று பார்த்தது. நூல் வாங்கினவர் நல்ல துணி நெய்துவிட்டார்!

சட்டத்தில் ஓட்டை

உச்சவரம்பு என்ற வார்த்தை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1961-ம் ஆண்டில் நில உச்சவரம்புச் சட்டம் வந்தது. ஒரு குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்றார்கள். 1970-ம் ஆண்டில் அதை 15 ஏக்கர் ஆக்கினார்கள். ஆனால் டிரஸ்டு நிலத்துக்கு விலக்கு, இதற்கு விலக்கு, அதற்கு விலக்கு என்று ஓட்டைகள் இருந்தன. பினாமி பெயர்கள் முளைத்தன. சட்டம் இருந்தது. நிலம் பல இடங்களில் இருந்த கையிலேயே இருந்தது.

கார் பந்தய உச்சவரம்பிலும் அதே நோய்க்கு அறிகுறி தெரிகிறது.

முதல் ஓட்டை: ஓட்டும் வீரரின் சம்பளம் கணக்கில் சேராது. அதிகச் சம்பளம் வாங்கும் 3 அதிகாரிகளின் சம்பளமும் சேராது. பெரிய வீரருக்குப் பல கோடி டாலர் கொடுக்கலாம். யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் போல்ட்டு முடுக்குகிறவரின் சம்பளம் கணக்கில் வரும்! செலவைக் குறைக்க வேண்டும் என்றால் யார் சம்பளத்தில் கை வைப்பார்கள்? சொல்ல வேண்டுமா?

இரண்டாவது ஓட்டை: பினாமி. சில கோஷ்டிகள் பொறியாளர்களைத் தங்களுடைய வேறு கம்பெனிகளுக்கு மாற்றின. அங்கே அவர்கள் படகுக்கு வேலை செய்வார்கள். ஆனால் அங்கே கண்டுபிடித்தது காருக்கு வந்து சேர்ந்தால்? இதைத் தடுக்க 2023-ம் ஆண்டில் சம்மேளனம் தனி உத்தரவு போட வேண்டியதாயிற்று.

மூன்றாவது ஓட்டைதான் பெரியது: தண்டனை.

உச்சவரம்பு வந்த முதல் ஆண்டிலேயே ரெட் புல் கோஷ்டி வரம்பைத் தாண்டியது. கணக்கில் தவறாக விடப்பட்டவற்றில் தொழிலாளர் சாப்பாட்டுச் செலவும் ஒன்று. "வேண்டுமென்று செய்யவில்லை. கணக்கை நாங்கள் புரிந்துகொண்டது வேறு" என்பது கோஷ்டியின் வாதம். 2022-ம் ஆண்டு அக்டோபரில் தீர்ப்பு வந்தது. அபராதம் 70 லட்சம் டாலர். காற்றுச் சோதனை செய்யும் நேரத்தில் 10 சதவீதம் வெட்டு.

2021-ம் ஆண்டுப் பட்டத்துக்கு ஆபத்து இல்லை. ஒரு புள்ளி கூடக் குறையவில்லை. 2023-ம் ஆண்டில் நடந்த 22 பந்தயங்களில் 21 பந்தயங்களை அதே கோஷ்டி ஜெயித்தது!

பணக்காரருக்குப் பணத்தில் அபராதம் போட்டால் அது தண்டனை ஆகுமா? அது டிக்கெட் வாங்குவது மாதிரி. தப்பு செய்ய டிக்கெட்!

"அவர் பணம், உனக்கு என்ன?"

சிலர் கேட்கிறார்கள்: "பணம் அவருடையது. செலவும் அவருடையது. இதில் வரம்பு போட நீ யார்?"

நியாயமான கேள்வி போலத் தோன்றும். ஆனால் பந்தயம் என்பது தனி ஆள் விவகாரம் அல்ல. எதிரே ஒருவர் நின்றால்தான் பந்தயம். எதிரியையெல்லாம் பணத்தால் விரட்டிவிட்டால், வெறும் பாதையில் தனியாக ஓடிப் பரிசு வாங்க வேண்டியதுதான்.

பெரிய கம்பெனிகளும் எப்போதும் கூட இருப்பதில்லை. 2008-ம் ஆண்டு இறுதியில் ஹோண்டா போயிற்று. 2009-ம் ஆண்டில் பி.எம்.டபிள்யூ. போயிற்று. டொயோட்டாவும் போயிற்று. 2025-ம் ஆண்டோடு ரெனோ என்ஜின் செய்வதையே நிறுத்திக்கொண்டது. செலவுப் போட்டியில் களைத்தவர் எழுந்து போகலாம். வேலை இழக்கிறவர் தொழிலாளி.

இன்னும் சிலர், "வரம்பு போட்டால் புதுக் கண்டுபிடிப்பு நின்றுவிடும்" என்கிறார்கள். 1 லட்சம் பவுனில் பிறந்த காஸ்வொர்த் என்ஜின் இதற்குப் பதில் சொல்லும். கோவையில் பிறந்த ஃபார்முலா மாருதி பதில் சொல்லும். முடை வந்தால்தான் மூளை வேலை செய்யும்.

செய்ய வேண்டியது என்ன?

2026-ம் ஆண்டுக்கு உச்சவரம்பை 21 கோடியே 50 லட்சம் டாலராக உயர்த்தினார்கள். முன்பு கணக்கில் சேராத சில செலவுகளை உள்ளே சேர்த்தார்கள். இது சரியான திசைதான். ஆனால் வீரர் சம்பளம் இன்னும் வெளியேதான் நிற்கிறது. அதையும் உள்ளே கொண்டு வர வேண்டும். வரம்பு என்றால் எல்லோருக்கும் வரம்பு.

கணக்கை ஜனங்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும். மூடிய அறையில் பேசி முடிக்கக் கூடாது.

தண்டனையைப் பணத்தில் போடாமல் புள்ளியில் போட வேண்டும். அளவுக்கு மேல் செலவு செய்து வாங்கிய வெற்றி, வெற்றிப் பட்டியலில் இருக்கக் கூடாது.

நம் ஊருக்கும் இது பொருந்தும். 1990-ம் ஆண்டு முதல் இருங்காட்டுக்கோட்டையில் நல்ல பந்தயப் பாதை இருக்கிறது. 2024-ம் ஆண்டில் ஆகஸ்டு 31, செப்டம்பர் 1 ஆகிய தேதிகளில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி, மின் விளக்கில் இரவுப் பந்தயம் நடந்தது. அதற்கு அரசுப் பணம் செலவிடலாமா என்று உயர் நீதிமன்றத்தில் வழக்கும் நடந்தது.

அங்கே ஓடிய ஃபார்முலா 4 பந்தயத்தில் எல்லோருக்கும் ஒரே மாதிரி கார். ஒரே மாதிரி என்ஜின். அது பாராட்டத் தக்கது. ஆனால் அந்தக் காரில் உட்காருவதற்கே லட்சக்கணக்கில் பணம் வேண்டுமே! என்ஜினில் சமத்துவம் வந்தது. வாசலில் வரவில்லை.

பொதுப் பணத்தில் பந்தயம் நடந்தால், பொது ஜனங்களின் பிள்ளைகளுக்கும் அதில் பங்கு வேண்டும். நம் திருவள்ளூர், கும்மிடிப்பூண்டி, ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் தொழிற்சாலைகளுக்குக் குறைவில்லை. ஐ.டி.ஐ. படிக்கும் பையன்களுக்கும் பெண்களுக்கும் குறைவில்லை. உள்ளூர் என்ஜின் ஒன்றைத் தேர்ந்தெடுக்கட்டும். அதற்கு ஒரு விலை வைக்கட்டும். என்ஜினுக்கு முத்திரை போட்டு, சீட்டுக் குலுக்கிக் கொடுக்கட்டும். தொழிற்பயிற்சிப் பள்ளிகளுக்கு இடையே பந்தயம் நடத்தட்டும். கரிவர்தன் காட்டிய வழிதானே இது!

பொதட்டூர்பேட்டைத் தறி வீட்டில் பிறந்த பையனுக்கு எந்திரத்தின் சத்தம் தாலாட்டு. எந்தத் தறி சரியாக ஓடுகிறது, எந்தத் தறி நோயாக இருக்கிறது என்று அவன் காதால் கேட்டே சொல்லிவிடுவான். அவனிடம் பணம் இல்லை. திறமை இருக்கிறது.

அவன் தோற்றால் தோற்கட்டும். ஆனால் பந்தயத்தில் ஓடித் தோற்கட்டும். பணப் பெட்டி இல்லை என்பதற்காக வாசலிலேயே தோற்கக் கூடாது.